வாசலை அடைத்தவள்

செண்பகவல்லியின் கையைச் சுற்றிய பிரஷர் பட்டை இந்தத் தடவையும் ஒட்டாமல் பிரிந்துகொண்டது. நர்ஸ் சலித்துக்கொண்டாள். "உடம்பக் குறைங்கம்மா. இப்படியே போனா பக்கவாதம்தான் வரும்." காய்ச்சலுக்கு வந்தாலும் கால்வலிக்கு வந்தாலும் இங்கே அவளுக்குக் கிடைப்பது இந்தப் பேச்சுதான். போன வாரம் பார்த்த சர்க்கரையும் கொழுப்பும் சரியாக இருந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எரிச்சலில், துணைக்கு வந்திருந்த கணவர் நெல்லையப்பனின் கையைப் பிடித்து இழுத்தாள். "இவருக்குக் கட்டிப் பாருங்க. குச்சி மாதிரிதான இருக்காரு." பட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. மிஷின் இருநூற்றுப் பத்து காட்டியது. நர்ஸ் அதைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். அதே எண். "உங்க கைக்கு இழுத்து இழுத்தே மிஷின் கெட்டுப்போச்சு." அறைக்குள்ளிருந்த டாக்டர் சிரித்தார். "ஒல்லியான ஆளு, அவருக்கு என்னம்மா வரப்போவுது? நீங்க நடங்க, போதும். அடுத்தது யாரு?"

நெல்லையப்பன் எழுந்து வெளியே நடந்தார். செண்பகவல்லி டாக்டர் அறையின் கதவு நிலைக்குள் போய் நின்றாள். ஒரு பக்கமும் இடைவெளி இல்லாமல் வாசல் அடைபட்டது. "வேற மிஷின் கொண்டாங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள போக முடியாது." காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பின்னாலிருந்து நெல்லையப்பன் கூச்சத்தோடு அவளைக் கூப்பிட்டார். இத்தனை வருஷமாகக் கூப்பிட்ட பெயர் அவர் வாயில் குழறி, வேறு யாருடைய பெயரோ போல வந்து விழுந்தது. செண்பகவல்லி கதவு நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.