கணுக்கால் வரை

"கெசியாவுக்கு வேற அங்கி தைங்கம்மா, வளருறதுக்கு மடிப்புத் துணி விட்டு."

எங்கள் சபையில் யாரும் கேட்கக் கூடாததை நான் கேட்டுவிட்டேன். ஆண்டவர் வானத்திலிருந்து திரும்பி வரும் நாளில், அவருடைய வருகையன்று, உடுத்த வேண்டிய வெள்ளை அங்கியை ஒரு தடவைதான் தைப்பார்கள். வளர்வதற்குத் துணி விட்டால் அவர் தாமதிப்பார் என்று நினைத்ததாகிவிடும்.

அம்மா தையல் மிஷினை நிறுத்தினாள். "வாயப் பொத்துட்டி. பாஸ்டர் இருக்காவ."

"இவளக் காலேஜுக்கு அனுப்பாதிய, விசுவாசம் போயிரும்னு அன்னைக்கே சொன்னம்லா," என்று பாஸ்டர் சிரித்தார்.

தங்கை கெசியா அங்கியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். வருகை நெருங்கிவிட்டதென்று எட்டாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அவளுடைய பாவாடைகளெல்லாம் ஏறிப்போயிருந்ததால், போன வருடம் தைத்த இந்த அங்கியும் குட்டையாகியிருக்கும் என்றுதான் கேட்டேன். இது மட்டும் எப்படி இன்னும் கணுக்காலைத் தொடுகிறது? குனிந்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். முழங்காலை மடக்கி நின்றுகொண்டிருந்தாள். தொடை நடுங்கியது.

"ஏட்டி, ஏன் இப்படி நிக்க?"

"பாஸ்டர் வந்தா இப்படித்தான்க்கா நிப்பேன். நான் வளந்தா அம்மா அழுவாவ."

"நேரா நில்லு."

நின்றாள். என்னைவிட உயரம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒன்பதாம் வகுப்புக்குச் சேர்க்கிறார்கள். அங்கியோடேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன்.