ஒரு லைன், இரண்டு கம்ப்யூட்டர்

எலெக்ட்ரீஷியன் தம்பி கைதேர்ந்தவன். போன் லைனில் ஓடும் ஒரே மோடத்தைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, சுவரில் துளை போட்டு ஒயரை இழுத்து, அக்காவின் பழைய கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட் கொடுத்துவிட்டான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தொல்லை அப்பாதான். வீட்டிலிருந்த ஒரே போன் பின்னறையில் அவர் கட்டிலருகே இருந்தது. அவர் ரிசீவரைத் தூக்கினால் போதும், இருவருக்கும் நெட் அறுந்துவிடும். யாரிடமும் சொல்லாமல் அவன் அந்தப் போனின் ஒயரை மோடத்தின் முதுகில் செருகினான். அதன்பிறகு நெட் ஓடும்போதெல்லாம் போன் ஊமை.

ஒரு மதியம் இருவரும் நெட்டில் இருந்தபோது அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. கையில் ரிசீவரோடு கட்டிலடியில் கிடந்தார்.

"நம்பரைப் போடக்கூட நேரமில்ல போலடா" என்று அழுதாள் அக்கா. அவன் போய் மோடத்தை அணைத்தான்.

காரியமெல்லாம் முடிந்ததும் போனைக் கழற்றினான். அதன் ஒயரையும் உருவி எறிந்தான்.

மறு வாரம் அக்கா நெட்டில் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். நெட் அறுந்தது.

"அப்பா, போனை வைங்கப்பா!" என்று பழக்கதோஷத்தில் கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் மோடத்தை மறுபடி டயல் செய்ய வைத்தான். லைன் கிடைக்கவில்லை.

சற்று நேரத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டிரைவர் ஸ்ட்ரெச்சரை இறக்கியபடியே, "பின்னறைதானேம்மா? பெரியவரே போன்ல வழி சொன்னாரு. பாவம், இவ்வளவு நாளா லைனே கிடைக்கலையாம்" என்றார்.

அக்கா பின்னறைப் பக்கம் திரும்பவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

"லைன் ஏன்டா கிடைக்கல?"