கண்ணாடிப் பெட்டிக்குள் தாத்தாவின் பிடில்

"ஆணியடிச்சு மூடிட்டேன்டா டெல்மர். இனிமே தூசிகூட உள்ள போகாது!" என்றான் ஹோபார்ட்.

தாத்தாவின் பழைய பிடிலைக் கடைக்குக் கொண்டுபோய், எந்தக் காலத்தது, யார் செய்தது என்று கேட்டு வந்து, கண்ணாடிப் பெட்டியும் செய்து சுவரில் மாட்டிக்கொடுத்த அண்ணனை நினைத்து டெல்மருக்கு நெஞ்சு நிறைந்தது.

விருந்துக்கு வந்திருந்த வெர்லி அத்தை அண்ணாந்து பார்த்தாள். "எங்கப்பா பிடிலா? எடுத்து ஒரு ஆட்டு ஆட்டுடா, கேப்போம்."

"ஆட்டுறதா? எதுக்கு அத்தை?"

"நம்ம மலையில எவன் பிடிலுக்குள்ள கிலுகிலுப்பைப் பாம்போட வால் இல்லாம இருந்துச்சு? நாதம் தூக்கலா வரும்னு போடுவாங்க. அப்பா போட்ட வாலுக்கு நான்தான் ராசிக்குச் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தேன்."

"வேணாம் அத்தை, கண்ணாடி உடைஞ்சிரும்!" ஹோபார்ட் பதறினான்.

அதற்குள் டெல்மர் ஆணிகளைப் பிடுங்கிவிட்டான். பிடிலை எடுத்து ஆட்டினான். சத்தமே இல்லை.

"இது எங்கப்பாவோடது இல்லடா," என்றாள் அத்தை.

"கடைக்காரப் பாவி மாத்திட்டான்! இப்பவே போய் அவனை உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வரேன்!"

ஹோபார்ட் வாசலுக்கு ஓடியபடியே சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை உருவினான்.

சாவிக்கொத்தில், சிவப்பு நூல் கட்டிய பாம்பு வால் கிலுகிலுத்தது.