அடுத்த மாசம்

"அந்த ஃபேக்டரி மேனேஜரா நீங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

புரொபசர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள வகுப்புல முக்கால்வாசிக் கை மேல போயிடுச்சு. எம்.பி.ஏ. வகுப்புல வாயைத் திறந்தா மார்க், மூடினா முட்டை. அதனால விஷயம் இல்லாதவங்கதான் முதல்ல கை தூக்குவாங்க.

அன்னிக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. கடைசி வரிசையில ஒரு கம்பெனி மேடம் நோட்டும் பேனாவுமா உக்காந்திருந்தாங்க. வகுப்புல பேசுறதைப் பார்த்து, வேலை கிடைக்காதவங்கள்ல ஒருத்தரை எடுத்துக்கப் போறாங்க. இந்த வருஷம் வர்ற கடைசி கம்பெனி அதுதான்.

மிச்சம் இருந்தது ஏழு பேர். அதுல 'மைக்'கும் ஒருத்தி, 'கத்திரி'யும் ஒருத்தன்.

அவளுக்கு மைக்கே வேணாம், குரல் அடுத்த கட்டடம் வரைக்கும் கேக்கும். அதான் அந்தப் பேரு. அவன் எந்தக் கம்பெனியைக் கொடுத்தாலும் எதை வெட்டலாம்னுதான் பார்ப்பான். அன்னிக்கு ரூம்மேட்டோட கோட்டைப் போட்டுக்கிட்டு வந்திருந்தான். தோள்பட்டை ரெண்டும் அவனை விட்டுத் தனியா நின்னுச்சு.

பாடம் ஒரு கண்ணாடி பாட்டில் ஃபேக்டரியைப் பத்தினது. புரொபசரே நேர்ல போய் விசாரிச்சு, பேரை மட்டும் மாத்தி எழுதினது. ஆர்டர் நின்னு, உலையும் அணைஞ்சு போச்சு. ஆனாலும் நிர்வாகம் முந்நூறு தொழிலாளிங்களையும் போகச் சொல்லல. பாதிச் சம்பளத்துல கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் வச்சிருந்துட்டு, அப்புறம்தான் கதவை மூடுச்சு.

மைக் எழுந்தா. தொழிலாளின்னா குடும்பம் மாதிரி, கடைசி நாள் வரைக்கும் நம்பிக்கை கொடுக்கிறவன்தான் மேனேஜர், நானா இருந்தா மூணாவது வருஷமும் திறந்து வச்சிருப்பேன்னு சொன்னா. முடிக்கும்போது அவ குரல் உடைஞ்சு போச்சு. வகுப்பே கை தட்டுச்சு. மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாங்க.

அடுத்து கத்திரி.

"உலை அணைஞ்ச அன்னிக்கே மூடியிருப்பேன் சார்."

"ஒரு மாசம்கூட டைம் கொடுக்க மாட்டியா?"

"ஒரு நாள்கூட வேணாம் சார். ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும், அடுத்த மாசம் உலை மூட்டுவோம், யாரும் வேற எங்கயும் போயிடாதீங்கன்னு நோட்டீஸ் கொடுத்துக்கிட்டு இருக்கிறதுக்கு..."

அதுக்கு மேல அவனைப் பேச விடல. வகுப்பே கூச்சல் போட்டுச்சு. இவங்க அப்பா ஒருநாளாவது வேர்வை சிந்திச் சம்பாதிச்சிருந்தாத்தானே இவனுக்குத் தெரியும்னு பின்னாலேர்ந்து ஒருத்தன் சொன்னான். நல்ல சிரிப்பு.

மேடம் மட்டும் சிரிக்கல. "தம்பி, அந்த முந்நூறு பேர் மூஞ்சி உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"தெரியுது மேடம்."

அவ்வளவுதான் சொன்னான். உக்காந்துட்டான்.

மத்தியானம் போர்டுல மைக் பேரை ஒட்டினாங்க. அவளைத் தோள்ல தட்டிப் பாராட்ட ஒரு கூட்டம். மேடத்தோட கார் கேட்டைத் தாண்டிப் போச்சு. கத்திரி போர்டை ஒரு தடவை பார்த்துட்டு, கோட்டைக் கழட்டி, கசங்காம மடிச்சுக் கையில போட்டுக்கிட்டான். திருப்பிக் கொடுக்கணுமே.

வராண்டாவுல புரொபசர் கூப்பிட்டாரு.

"ஒண்ணாந்தேதி நோட்டீஸ்னு சொன்னியே. நான் எழுதினதுல அது இல்லையேப்பா."

"இல்ல சார். ரெண்டு தடவை தேடிப் பார்த்தேன்."

"முதல்ல எழுதியிருந்தேன். நிர்வாகத்துல எடுத்துடுங்கன்னாங்க, எடுத்துட்டேன்." அவர் குரல் இறங்கிப் போச்சு. "உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். ஆளுக்கு ஒரு நோட்டீஸ் கொடுப்பாங்க. மொத்தம் இருபத்திரண்டு. எல்லாம் எங்க வீட்டு பீரோவுல இருக்கு. அப்பா தேதி வாரியா அடுக்கி வச்சிருக்காரு."

புரொபசர் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தாரு.

"அந்தம்மா இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாமேப்பா."

"அப்பாவைக் காட்டி வேலை கேட்ட மாதிரி ஆயிடும் சார்."

போறதுக்குத் திரும்பினவன் நின்னான்.

"முதல் நோட்டீஸ் வந்தப்ப அவருக்கு நாப்பத்துநாலு வயசு சார். பக்கத்து ஃபேக்டரியில நாப்பத்தஞ்சு வரைக்கும் ஆள் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. கடைசி நோட்டீஸ் வந்தப்ப, நாப்பத்தாறு."