துணி மூடிய தொட்டி

போளூரில் எங்களுடையது மீன்தொட்டிச் செடி வளர்க்கும் கிளப். செடி பறிக்க ஜவ்வாது மலை ஓடைக்குப் போன எங்கள் குமரேசன் திரும்பவில்லை. பை மட்டும் கிடைத்தது. அதிலிருந்த செடியை நட்டு, வெளிச்சமில்லாமல் பிழைக்குமா என்று பார்க்கத் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினோம். தொண்ணூறு நாள் திறக்கக் கூடாது.

எழுபதாம் நாள் உள்ளே குமிழி வெடிக்கும் சத்தம். வெளிச்சமில்லாமல் எந்தச் செடியும் குமிழி விடாது. நிமிஷத்துக்குப் பதினாறு என்று நோட்டில் குறித்தேன்.

குமரேசனின் மனைவி இளவரசி காதை வைத்துக் கேட்டாள். "தூங்கறப்போ அவரு மூச்சு இப்பிடித்தாங்க இருக்கும். துணிய எடுங்க."

"சோதனை கெட்டுடும்மா. இன்னும் இருபது நாள்தான்."

அடுத்த வாரம் பத்து. அதற்கடுத்த வாரம் நாலு.

தொண்ணூறாம் நாள் துணியை எடுத்தோம். செடி பச்சையாகத்தான் இருந்தது. குமிழிக்கு நேரே சைபர் போட்டேன். அதுவரை கழற்றாத தாலியை இளவரசி கழற்றினாள்.