படகு சீட்டின் பஞ்சு

பொழுதுபோகாமல் வீடியோ பார்த்துக் கற்றதுதான், படகு சீட் தைப்பது. இன்று அது அவளுக்குப் பக்கத்தொழில். முதல் வாடிக்கையாளரான படகுக்காரர் வீடு தேடி வந்து பாராட்டினார்.

“மெத்தை மாதிரி இருக்கும்மா. எப்படிச் செஞ்சீங்க?”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. “மேல ரெக்சின். தண்ணி வடிய அடியில வலைத்துணி. பழைய பஞ்சு பலகை மாதிரி விறைப்பு, சொட்டுத் தண்ணி குடிக்காது. அதை எடுத்துட்டு சோபா பஞ்சு வெச்சேன்.”

படகுக்காரர் முகம் வெளிறியது. “அம்மா, யாராவது விழுந்தா அந்த சீட்டைத்தான் தூக்கி வீசுவோம். பிடிச்சுக்கிட்டு மிதக்கணும். சோபா பஞ்சு தண்ணி குடிச்சு முங்கிடுமே.”

“ஐயோ. இன்னைக்குப் படகை எடுக்காதீங்க.”

“உங்க வீட்டுக்காரர்தான் பொண்ணோட எடுத்துட்டுப் போயிருக்காரு. நீங்க தைச்ச சீட்ல அவ உக்காரணுமாம்.”

உடனே போனில் கணவனை அழைத்தாள். மகள் எடுத்தாள்.

“அம்மா, அப்பா நீச்சல் கத்துத்தர்றாரு. உன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டா முங்கமாட்டேனாம்.”

“இறங்காதடி.”

தொப்பென்று சத்தம். அவள் போனில் கத்தினாள்.

“அம்மா,” என்றாள் மகள், சற்று நேரம் கழித்து. “அப்பா முதல்ல சீட்டை மட்டும் போட்டுப் பார்த்தாரு. அது அடியில போயிடுச்சு.”