ஒரே வார்த்தையில் செத்த அரக்கன்

சனிக்கிழமை மத்தியானம். விளையாட்டுக் கடையின் பின்மேசையில் நான் பகடையை உருட்டினேன். என் வாள்வீரன் வெட்டியதில் அரக்கனின் இருநூறு உயிர்ப்புள்ளிகளில் எட்டு குறைந்தது.

அடுத்தது டெரெக். மடியில் புது விதிப்புத்தகம். அவன் பகடையைத் தொடவே இல்லை.

"என் மந்திரவாதி ஒரு வார்த்தை சொல்றான். அரக்கன் காலி."

ஆட்டத்தை நடத்தும் மார்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அப்படித்தான் போட்டிருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து அவள் உருவாக்கிய அரக்கன் செத்துப்போனான்.

"புதுசா வர்ற ஒவ்வொரு புத்தகத்துலயும் பலத்தக் கூட்டிக்கிட்டே போறானுங்க," என்றாள் மார்சி. " எழுதினவன் என் கையில கிடைக்கட்டும், இருக்கு அவனுக்கு."

நான் காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

"லாய்ட், நீங்க இன்னும் முதல் புத்தகத்து வீரனையே கட்டிக்கிட்டு அழறீங்களே," என்றான் டெரெக். "பதினெட்டு வருஷமாச்சு. மாத்துங்க பாஸ்."

"பழகிடுச்சு."

"சரி, என் மந்திரவாதிய அடிச்சுக்க இனி ஆள் உண்டா?"

"அடுத்த புத்தகத்துல ஒருத்தன் வருவான். உன் வார்த்தை அவன்கிட்ட பலிக்காது."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். யாரும் படிக்காத பக்கம். அதில் 'எழுதியவர்' என்ற இடத்தில் இருந்த என் பெயரைக் காட்டினேன். மார்சியும் எட்டிப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல உன் மந்திரவாதியக் கொல்லச் சொல்லிட்டாங்க," என்றேன். "திங்கக்கிழமை ஆரம்பிக்கணும்."